ஹார்பர் கூரையெல்லாம் சும்மா வெயில் காயுது, சோலார் போட்டா என்னங்க?

உப்பனாத்துக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் ஓ.டி. (பழைய டவுன்), அப்பா விசைப்படகு வச்சிருந்தவரு, நான் வயரிங் வேலை பாக்குறேன். போன சித்திரையில ஒரு வேலையா ஹார்பர்ல ஷெட்டு கூரை மேல ஏற வேண்டியிருந்துச்சு. மணி பதினொன்னு தான் இருக்கும், தகரத்துல கைய வச்சதும் சுர்ருனு சுட்டுடுச்சு, சாக்க மடிச்சு போட்டு தான் உக்கார முடிஞ்சுது. அங்கேருந்து பாத்தா ஒரே கூரை தான் தெரியுது, ஏலக்கூடம், வலை பின்னுற கூடம், ஐஸ் பிளாண்ட்டு, அந்தாண்ட பழைய குடோனுங்க. ஒன்னு மேலயும் ஒரு பொருளும் இல்ல, காக்கா தான் உக்காந்திருக்கு. கீழ ஐஸ் பிளாண்ட்டு கம்ப்ரஸர் தடதடன்னு ஓடுது. மேல வெயில் வீணா போவுது, கீழ மீட்டர் ஓடுது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு தகரம் தான். அன்னைலேருந்து இது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

சோலார்னு பேச்செடுத்தாலே எல்லாரும் நெலம் எங்கன்னு தான் கேக்கறாங்க, அப்புறம் பாத்தா கடலோரப் பொறம்போக்கு, வலை காயப்போடற மணல், ஆத்தோரம் இதுல தான் கண்ணு போவுது. நான் சொல்றது அது இல்லீங்க. ஒரு அடி நெலம் புதுசா வேணாம், இருக்கற கூரை போதும்.

தோராயமா கணக்கு சொல்றேன். ஒரு கூடம் 60 மீட்டர் நீளம் 15 மீட்டர் அகலம்னு வச்சிக்குங்க, 900 சதுர மீட்டர். இப்ப வர்ற 550 வாட் பேனல் ஒன்னு கிட்டத்தட்ட 2.6 சதுர மீட்டர். நடக்க வழி, ஓரம் எல்லாம் விட்டாலும் 180 பேனல் தாராளமா உக்காரும், அதாவது 100 கிலோவாட். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் சராசரின்னு வச்சா 400 யூனிட். ஒரே ஒரு கூரைக்கு இவ்ளோ. அனுபவம் உள்ளவங்க எங்க தப்புன்னு சொல்லுங்க.

ஐஸ்பாரு:
தம்பி நான் 20 வருஷமா ஐஸ் பிளாண்ட்டு ஆபரேட்டர். நீ சொன்ன 400 யூனிட்ட ஐஸா மாத்தி பாத்தேன். ஒரு டன் ஐஸ் போட 55லேருந்து 65 யூனிட் ஆவும், பிளாண்ட்டு பழசா இருந்தா இன்னும் கூட. 60ன்னே வச்சிக்க, 400 யூனிட்டுக்கு ஆறரை டன், 50 கிலோ பாருன்னா (ஐஸ் கட்டிய தான் பாருன்னுவோம்) 130 பாரு. வெறும் வெயில்லேருந்து ஒரு நாளைக்கு 130 பாரு! படிச்சிட்டு ரெண்டு தடவ போட்டு பாத்துட்டேன் கணக்க.

எங்க வேலை தெரியாதவங்களுக்கு சொல்றேன். பெரிய தொட்டியில உப்புக்கரைசல் இருக்கும், அத அமோனியா ஓட விட்டு மைனஸ் 8, மைனஸ் 10 வரைக்கும் குளுர வைப்போம். தண்ணி ஊத்துன தகர டப்பாவ அதுல வரிசையா எறக்கி வச்சா ஒரு பாரு முழுசா ஒறைய கிட்டத்தட்ட ஒரு நாள் ஆவும். நடுவுல கடைசியா ஒறையும், அதனால தான் பாருல நடுவுல மட்டும் வெள்ளையா இருக்கும், காத்து குமிழி அது. இங்க சோலாருக்கு ஏத்த விஷயம் ஒன்னு இருக்கு. பகல்ல வெயில் இருக்கும்போது கம்ப்ரஸர நல்லா ஓட்டி ஐஸ் போட்டு ஸ்டோர் ரூம்ல அடுக்கிட்டா, விடிகாலையில படகுக்காரங்க கேக்கும்போது எடுத்து ஒடைச்சு குடுத்துக்கலாம். வீட்டுக்கு சோலார் போட்டா ராத்திரிக்கு பேட்டரி வேணும். எங்களுக்கு ஐஸு தான் பேட்டரி.

ஆனா ஒன்னு, பகல்லயே எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு கரைசல ரொம்ப குளுர வச்சா பாரு விரிசல் விட்டுடும், டப்பாலேருந்து எடுக்கும்போதே ரெண்டா பொளக்கும், யாரும் வாங்க மாட்டாங்க. அதனால ராத்திரியும் கொஞ்சம் ஓட்டித்தான் ஆவணும், முழுசா ஈபிய விட முடியாது.

உப்பனாத்துக்கரை:
அண்ணே இது தான் எனக்கு வேணும், கோடி நன்றி. பேட்டரி செலவு இல்லன்னாலே பாதி சண்டை முடிஞ்சுது.

பேனல்மேஸ்திரி:
நான் புதுச்சேரி. 9 வருஷமா சோலார் மாட்ற வேலை, கடலோரத்துல நிறைய பண்ணியிருக்கேன், நிறைய பாடமும் படிச்சிருக்கேன். யூனிட் கணக்கு சரி தான் தம்பி. ஆனா உப்புக்காத்த கணக்குல சேக்கல நீங்க.

நானே கண்ணால பாத்தது சொல்றேன். கடல்லேருந்து 200 மீட்டர்ல ஒரு கட்டடம், வேற ஒருத்தர் மாட்டுனது, ரெண்டு வருஷத்துல கரண்ட் குறைஞ்சிடுச்சுன்னு என்ன கூப்ட்டாங்க. பேனல் கண்ணாடி பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. கிளாம்ப்ப திருகலாம்னு ஸ்பேனர் வச்சேன், போல்ட்டு தலை பிஸ்கட் மாதிரி உதிந்து கைல வந்துடுச்சு. அலுமினிய ரெயில் மேல சாதா இரும்பு போல்ட்டு போட்டிருக்காங்க, உப்பு ஈரத்துக்கு அது சீக்கிரம் துருவேறி உதிரும், ஒட்டியிருக்கற அலுமினியத்தையும் அரிக்கும். கால் கம்பியில வெல்டிங் வச்ச எடமெல்லாம் வெள்ளை மாவு பூத்து அதுக்கு கீழ செவப்பு. கனெக்டர கழட்டி பாத்தா உள்ள பச்சை. அங்க தான் கரண்ட் சூடா போயிட்டு இருந்துருக்கு, பேனல் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வீட்டுக்காரரு பேனல் தான் மட்டம்னு திட்டிக்கிட்டு இருந்தாரு.

ஹார்பர்னா கடல் மேலயே இருக்கோம். அதனால பேனலுக்கு உப்புப்பனி டெஸ்ட்டு பாஸ் ஆன சர்ட்டிபிகேட் கேளுங்க, ஐஇசி 61701ன்னு போட்டிருக்கும். போல்ட்டு நட்டு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு, 304 ரகம் வேணாம், அதுவும் கடலோரத்துல துரு புள்ளி போடும். ஸ்ட்ரக்சர வெட்டி வெல்டு வச்சு ஓட்டை போட்டு எல்லாம் முடிச்ச அப்புறம் தான் கால்வனைசிங் (துத்தநாகம் பூசற) தொட்டியில முக்கணும், முக்கிட்டு வந்து சைட்டுல ஓட்டை போட்டீங்கன்னா அந்த ஓட்டையிலேருந்து துரு ஆரம்பிக்கும். இதுல தான் எல்லாரும் காசு மிச்சம் பிடிக்கறாங்க, இதுல மட்டும் பிடிக்காதீங்க, கெஞ்சி கேட்டுக்கறேன்.

அப்புறம் வெயிட்டு. ஒரு பேனல் 28 கிலோ, 180 போட்டா 5 டன், ஸ்ட்ரக்சரோட சேத்து 7, 8 டன் ஆவும். கூரை தாங்குமான்னு இன்ஜினியர் பாக்காம ஒரு போல்ட்டு கூட போடக்கூடாது. பழைய கல்நார் ஷீட்டு கூரைன்னா பேச்சே இல்ல, கால் வச்சாலே ஒடையும், முதல்ல கூரைய மாத்தணும்.

கொண்டல்காத்து:
புள்ளைங்களா நல்லா பேசறீங்க. நான் தேவனாம்பட்டினம், 61 வயசு. 2004 சுனாமியும் பாத்தேன், 2011 டிசம்பர் 30ல தானே புயலும் பாத்தேன். தானே வந்த ராத்திரி தகர ஷீட்டு பறந்து பனமரத்துல சொருகி நின்னுச்சு. மாவட்டம் முழுக்க போஸ்ட்டு மரம் ஒன்னு விடாம சாஞ்சு போச்சு, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட போச்சு. அப்படி ஒரு காத்துல உங்க கண்ணாடி பலகை 180 பறந்து வந்தா ஊர்ல எத்தன தல உருளும்? அத சொல்லுங்க மொதல்ல.

ரெண்டாவது, இது யாருக்கு? கடலோரத்துல எது வந்தாலும் மீனவனுக்கு நல்லதுன்னு தான் சொல்லி வருவாங்க. கடைசியில கம்பி வேலி போட்டு நம்மள வெளிய நிறுத்துவாங்க. கூரை ஹார்பரோடது, ஹார்பர் யாரால ஓடுது? கரண்ட வித்து காசு எவன் பைக்கு போவும்னு தெரியாம நான் தலையாட்ட மாட்டேன்.

பேனல்மேஸ்திரி:
பெரியப்பா கேட்டது ரெண்டும் நியாயம். காத்துக்கு பதில் சொல்றேன். இந்தியன் ஸ்டாண்டர்டு 875 மூணாம் பாகத்துல புதுச்சேரிக்கு அடிப்படை காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர்னு இருக்கு, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். தானே கரை ஏறும்போது 140 கிட்ட இருந்துச்சு. 180க்கு டிசைன் பண்ணி, கூரையோட படுத்தாப்புல பேனல் போட்டா தாங்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு கிட்ட தான், 12 டிகிரி கூட கிடையாது, அதனால பேனல சாய்ச்சு நிறுத்தவே வேணாம், கூரை சாய்வுலயே படுக்க வச்சாலும் ரொம்ப நட்டம் இல்ல. சாய்ச்சு நிறுத்துனா தான் காத்து அடியில பூந்து பாய்மரம் மாதிரி தூக்கும். ஓரத்துல தான் காத்து ஜாஸ்தி தூக்கும், அதனால கூரை விளிம்புலேருந்து உள்ள தள்ளி போடணும். இன்னொன்னு, பேனல் பறக்கறதுக்கு முன்னாடி அடியில இருக்கற தகரம் பறக்கும். தகரத்த சட்டத்தோட பிடிச்சிருக்கற திருகாணி துரு ஏறி இருந்தா மொத்த கூரையும் பேனலோட சேந்து போவும். அத தான் முதல்ல பாக்கணும்.

2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறுனப்ப நான் மாட்டுன எடம் எல்லாத்துக்கும் மறுநாள் தண்ணியில நடந்தே போய் பாத்தேன். பேனல் பறக்கல. ஆனா ரெண்டு எடத்துல இன்வெர்டர் (பேனல் கரண்ட்ட ஈபி கரண்ட் மாதிரி மாத்தற பெட்டி) தண்ணில முழுகிடுச்சு, தரைலேருந்து ரெண்டு அடில மாட்டி வச்சிருந்தேன், தப்பு என்னோடது. இப்பல்லாம் ஆறடிக்கு கீழ மாட்றதில்ல.

மீன்காரவீட்டுப்பொண்ணு:
எங்கம்மா 30 வருஷமா கூடையில மீன் விக்கிறாங்க, நானும் லீவுல கூட போவேன். ஒரு விஷயம் யாரும் சொல்லல. ஏலக்கூடத்துக்குள்ள ஏலம் எடுக்கறவங்களுக்கு நிழல் இருக்கு. எங்கம்மா மாதிரி சில்லறைக்கு வாங்கி தரம் பிரிக்கறவங்க வெளிய தான், கூடத்துக்கும் படகு அணையற ஜெட்டிக்கும் நடுவுல இருக்கற சிமெண்ட்டு தரையில. ஒன்பது மணிக்கு மேல அங்க உக்காரவே முடியாது, தரை கொதிக்கும், மீன் கண்ணு அரை மணி நேரத்துல வெளுத்துடும், கண்ணு வெளுத்தா ரேட்டு பாதி தான். அம்மா ஈரச்சாக்க மீன் மேல போத்திட்டு முந்தானைய தன் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

கூரை மேல மட்டும் ஏன் யோசிக்கறீங்க அண்ணா? அந்த தரைக்கு மேல, வண்டி நிறுத்தற எடத்துக்கு மேல உசரமா கம்பம் நட்டு பேனலையே கூரையா போடுங்க. கரண்ட்டும் வரும், நிழலும் வரும். கூடவே ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு பொம்பளைங்க வர்ற வழியில நாலு லைட்டும், கக்கூஸுக்கு தண்ணி மோட்டாரும் அந்த கரண்ட்லயே ஓடட்டும். அப்படி வந்தா நான் இதுக்கு கை தூக்கறேன். இல்லன்னா இது படகு வச்சிருக்கறவங்களுக்கும் ஐஸ்காரங்களுக்கும் மட்டும் நடக்கற விஷயம் தான்.

உப்பனாத்துக்கரை:
தங்கச்சி சரியா சொன்ன, நான் மேல ஏறி பாத்தவன், கீழ பாக்க தவறிட்டேன். அந்த தரை என் கணக்குல வரவே இல்ல. குஜராத்துல 2012லயே நர்மதா வாய்க்கால் மேல குறுக்க பேனல் போட்டு 1 மெகாவாட் எடுத்தாங்க, நெலமும் போவல, தண்ணி ஆவியாறதும் குறைஞ்சுது. அதே மாதிரி இங்க மீனுக்கு நிழல்.

பேனல்மேஸ்திரி:
பண்ணலாம்மா, ஆனா செலவு கூட. கூரை ஏற்கனவே இருந்தா ரெயில் மட்டும் போதும், இதுல கம்பம், அடித்தளம் எல்லாம் வேணும். மீன் லாரி உள்ள பூந்து வர்ற உசரம் விடணும், கம்பத்துல லாரி இடிக்காம சுத்தி கான்கிரீட்டு கட்டணும். ரெண்டு பக்கமும் கண்ணாடி உள்ள பேனல் போட்டா அடியில பட்டு திரும்பற வெளிச்சத்துலயும் கொஞ்சம் கரண்ட் வரும், உப்பும் உள்ள எறங்காது.

தேங்காத்திட்டு:
நான் புதுச்சேரி தேங்காய்த்திட்டு ஹார்பர் பக்கம். எங்க ஆளுங்க சில பேரு கல்லு கொட்டுன அலைத்தடுப்பு மேலயே வரிசையா பேனல் போடலாமேங்கறாங்க, அது சும்மா தான கெடக்குதுன்னு. என்ன நினைக்கறீங்க?

கொண்டல்காத்து:
வேணாம்பா. ஐப்பசி கார்த்திகையில கொண்டல் (கீழக்காத்து) அடிச்சா அலை அந்த கல்லு மேல ஏறி எகிறும், பலகை என்னாவும். அதோட புதுச்சேரி அலைத்தடுப்பால வடக்கால இருந்த மணலு எப்படி போச்சுன்னு நீயே பாத்தவன். 80கள் கடைசியில அத கட்டுன அப்புறம் தெக்கேருந்து வர்ற மணல் அங்கேயே தேங்கி, டவுன் கடற்கரை முழுக்க வெறும் கருங்கல்லா ஆயிடுச்சு. அப்புறம் தான 2018ல தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடல்ல செயற்கை ரீப் (கடலடித் திட்டு) எறக்கி கொஞ்சம் மணல் சேந்துச்சு. அந்த கல்லு மேல இன்னும் ஒரு வேலைய கட்டி வச்சா, நாளைக்கு கல்ல மாத்தணும் நகத்தணும்னா கூட மேல கரண்ட் இருக்கு முடியாதும்பாங்க.

தேங்காத்திட்டு:
அது உண்மை தான் ஐயா. விட்டுடறேன். தண்ணி மேல மிதக்க விட்டா? தூத்துக்குடியில 2022ல ஸ்பிக் உர ஆலை வளாகத்துல மிதக்கற சோலார் போட்டாங்களே.

பேனல்மேஸ்திரி:
அது ஆலைக்குள்ள இருக்கற நீர்த்தேக்கம்ங்க, படகு ஓடாது, ஓதம் (கடல் மட்டம்) ஏறி எறங்காது. ஹார்பர் தண்ணி படகு திரும்பற எடம், டீசல் படலம், சிப்பி ஒட்டும். படகு நிறுத்தவே எடம் பத்தல, அதுல பேனல் கட்டுனா சண்டை தான் வரும்.

ஜூரோங்தம்பி:
ஊரு கடலூர், வேலை சிங்கப்பூர். இங்க ஜூரோங் போர்ட்டுல கிடங்கு கூரைங்க மேல 9.5 மெகாவாட் போட்டிருக்காங்க, 2016லயே. மேல பேனல் இருக்குன்னே கீழ வேலை செய்யறவனுக்கு தெரியாது, அவ்ளோ தான் விஷயம். நம்ம நாட்டுலயும் 2023ல ஹரித் சாகர்னு பசுமைத் துறைமுக வழிகாட்டி வந்துச்சு, 2030க்குள்ள கரண்ட்ல 60 சதவீதம் புதுப்பிக்கற சக்தியா இருக்கணும்னு இலக்கு. ஆனா அது சென்னை, தூத்துக்குடி மாதிரி பெரிய துறைமுகங்கள மனசுல வச்சு எழுதுனது. கடலூர் சிறு துறைமுகம், தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கு கீழ வருது. மீன்பிடி ஹார்பர் மீன்வளத்துறை. நம்மள மாதிரி எடத்த யாரும் தேடி வர மாட்டாங்க, நாம தான் எழுதி கேக்கணும்.

கணக்குப்புள்ள:
நான் பில்லு பக்கம் ஒரு வார்த்தை சொல்றேன், இங்க தான் பாதி பேரு ஏமாறறாங்க. மத்திய அரசோட பிஎம் சூரிய கர் சோலார் மானியம் வீட்டுக்கு மட்டும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா, அத நம்பி ஹார்பருக்கு பட்ஜெட் போடாதீங்க. வீட்டுக்கு இருக்கற மாதிரி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கற நெட் மீட்டரிங் தொழில் கனெக்ஷனுக்கு கிடையாது. நீங்க கிரிடுக்கு (ஈபி லைனுக்கு) அனுப்பற யூனிட்டுக்கு கிடைக்கற ரேட்டு, நீங்க வாங்கற ரேட்ட விட ரொம்ப கம்மி. அதனால லாபம் எங்கன்னா, வர்ற கரண்ட்ட அந்த நேரத்துலயே அங்கயே செலவு பண்றதுல தான். ஐஸ்பாரு அண்ணன் சொன்ன பகல் ஓட்டம் அதனால தான் முக்கியம்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போவாது, ஐஸ் ஓடாது. வெயில் உச்சத்துல இருக்கறதும் அதே ரெண்டு மாசம் தான். மழைக்காலத்துல மேகம் மூடி கரண்ட் குறையும்போது மீன் பாடு நல்லா இருக்கும். ரெண்டும் ஏறுக்கு மாறா இருக்கு. பிளாண்ட்டு தேவைக்கு முழுசா போடாம, பாதி அளவுக்கு போட்டா வீணாறது குறையும்.

ஐஸ்பாரு:
தடைக்காலத்துலயும் ஃபைபர் படகு போவும்ங்க, கொஞ்சம் ஐஸ் ஓடும். ஸ்டோர் ரூமையும் அணைக்க முடியாது. ஆனா நீங்க சொல்றது சரி, கால்வாசி கூட ஓடாது. பாதி அளவு தான் புத்தி.

கொண்டல்காத்து:
இன்னொன்னு கேக்கணும். தானே அடிச்ச அப்புறம் எங்க தெருவுக்கு கரண்ட் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. பலகை இருந்தா அப்ப எரியுமா?

பேனல்மேஸ்திரி:
சாதாரணமா மாட்டுனா எரியாது பெரியப்பா. கிரிடுல கரண்ட் போனா இன்வெர்டரும் தானா நின்னுடும், கம்பத்துல வேலை செய்யற லைன்மேன் மேல நம்ம கரண்ட் பாயக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. தலைக்கு மேல நல்ல வெயில் இருக்கும், கீழ இருட்டா தான் இருக்கும். இத சொல்லாம விக்கறவங்க உண்டு. அதனால ஒரு 10 கிலோவாட்ட மட்டும் தனியா பிரிச்சு, ஹைபிரிட் இன்வெர்டரும் பேட்டரியும் வச்சிட்டா புயலுக்கு அப்புறம் தண்ணி மோட்டாரு, லைட்டு, போன் சார்ஜு, ஒயர்லெஸ் செட்டு ஓடும். கம்ப்ரஸர் ஓடாது.

கொண்டல்காத்து:
அது போதும். 2011ல ஒரு போன் சார்ஜ் போட பத்து பேரு டிராக்டர் பேட்டரிய சுத்தி நின்னோம்.

மீன்காரவீட்டுப்பொண்ணு:
கழுவறது யாரு? ஹார்பர்ல காக்கா பருந்து எச்சம் கொஞ்சமா நஞ்சமா. காக்கா மீன் தலைய தூக்கிட்டு போய் கூரை மேல வச்சு தான் திங்கும்.

பேனல்மேஸ்திரி:
நல்ல கேள்விம்மா. எச்சம் ஒரு செல்ல மூடுனா அந்த செல்லு கரண்ட் குடுக்காம சூடாயி பொசுங்கும், பின்னாடி பாத்தா பழுப்பு வட்டம் தெரியும். வாரம் ஒரு தடவ விடிகாலையில, கண்ணாடி சூடேறறதுக்கு முன்னாடி கழுவணும். ஓ.டி. போர் தண்ணி உப்பு, அதுல கழுவுனா வெள்ளைப் படலம் கட்டும், அத சொரண்டவே முடியாது. மழைத்தண்ணிய அதே கூரைலேருந்து பிடிச்சு வச்சா வருஷத்துல பாதிக்கு ஆவும். இதுக்கு ஊர் பொம்பளைங்க சுய உதவிக்குழுவுக்கே சம்பளத்தோட வேலை குடுங்க, மேல ஏற படியும் கைப்பிடியும் முதல் நாளே கட்டிடுங்க. ஏணி வச்சு ஏறச்சொன்னா யாரும் ஏற மாட்டாங்க.

உப்பனாத்துக்கரை:
பெரியப்பா கேட்ட "யாருக்கு"ங்கற கேள்விக்கு என் மனசுல இருக்கறத சொல்லிடறேன். கூரைய வாடகைக்கு எவனோ எடுத்து கரண்ட்ட வெளிய விக்கறதா இருந்தா நானே எதிர்ப்பேன். மீனவர் கூட்டுறவு சங்கம் பேர்ல மீட்டர் இருக்கணும், மிச்சமாற காசுல பாருக்கு எவ்ளோ ரேட்டு குறைஞ்சுதுன்னு மாசா மாசம் ஏலக்கூடத்து செவுத்துல எழுதி போடணும். படிக்காதவங்களுக்கும் பாரு வெல தெரியும், அதுல ஏமாத்த முடியாது. நிழல் தரையும், பொம்பளைங்க வழிக்கு லைட்டும், புயல் பேட்டரியும் திட்டத்துக்கு உள்ளயே இருக்கணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா வராது.

ஐஸ்பாரு அண்ணே, உங்க பிளாண்ட்டுல ஒரு மாசம் மணிக்கு மணி யூனிட் எழுதி தர முடியுமா? பகல்ல எவ்ளோ ஓடுது ராத்திரி எவ்ளோ ஓடுதுன்னு தெரிஞ்சா தான் எத்தன கிலோவாட்டுன்னு சொல்ல முடியும்.

ஐஸ்பாரு:
மொதலாளிகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. நாளை காலையில ஆறு மணிலேருந்து எழுதறேன். ராத்திரி ஷிப்ட்டு பையனுக்கும் நோட்டு குடுத்தாச்சு.

கொண்டல்காத்து:
ஞாயித்துக்கிழம ஊர் கூட்டம் இருக்கு. நான் பேச்செடுக்கறேன். மேஸ்திரி தம்பி, அந்த உதிந்த போல்ட்டு இன்னும் உன்கிட்ட இருந்தா கொண்டா, சபையில காட்டணும்.

பேனல்மேஸ்திரி:
டூல் பேக்லயே தான் இருக்கு பெரியப்பா. வரேன்.